முன்வரிசையில் எங்கள் முதலாளி

எங்கள் நாடகக் குழுவில் எல்லோருமே பனியன் கம்பெனி ஆட்கள். இந்த வருடம் போட்ட மூன்று நாடகங்களுக்கும் பயம்தான் கரு. சாயத்தண்ணீர் இறங்கிய கிணற்றைப் பற்றி ஒன்று, மொழி தெரியாமல் வேலைக்கு வந்த ஒடிசாக்காரரைப் பற்றி ஒன்று. நான் நடித்தது மூன்றாவது. துணி திருட்டுப் போகாமலிருக்கப் பின்கதவைப் பூட்டி வைத்த கம்பெனியில் தீப்பிடிக்கும் கதை.

எங்கள் கம்பெனியிலும் பின்கதவு பூட்டியேதான் இருக்கும்.

வேஷத்துக்கு டி-சர்ட் கேட்டபோது, முதலாளி கதையை விசாரிக்காமலே கம்பெனிப் பெயர் போட்டதில் ஒரு கட்டு கொடுத்தார். அந்த நன்றிக்காகக் குழுத் தலைவர் அவரையே சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார்.

நல்லூர் மண்டபத்தில் திரை விலகியதும் முன்வரிசையில் பொன்னாடையோடு அவர். எங்கள் எல்லோர் நெஞ்சிலும் அவருடைய கம்பெனிப் பெயர். வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். "கதவத் தொறங்க! உள்ள ஆளு இருக்கோமுங்க!" என்று அலறியபோது வந்த அழுகை நடிப்பில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏங்கண்ணு, நம்ம பின்கதவுச் சாவி யாருகிட்ட இருக்குது?"

"உங்ககிட்டன்னுதானுங்க நெனச்சோம்."

"எங்கிட்ட இல்லியே!"

அவசர ஆர்டருக்காக அன்று ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது.

வேஷத்தைக் கலைக்காமலே அவர் காரில் ஏறினேன். நேராகக் கம்பெனிப் பின்கதவுக்குப் போய்க் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். பூட்டை உடைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் எந்த மண்டபத்துக்கு நடிக்கப் போனாலும், முதலில் பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்.