சமையலறை ஜன்னலின் பச்சைக் குருவிகள்

ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்துப் பார்லி வயல்களுக்கு நடுவே வாழ்க்கைப்பட்டு வந்தவள் எஃபி ரென்னி. பசுக்களிடம் நாள் முழுக்கப் பேசுவாள். மனிதர்களிடம் அவ்வளவாகப் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள். பக்கவாதத்தில் கணவன் ஹெக்டருக்கு ஒரு பக்கம் விழுந்தபோது பண்ணை மொத்தமும் அவள் தலையில் வந்தது.

வயலுக்குப் போக முடியாமல், பேச்சும் போய், அவன் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தான். பொறுக்க மாட்டாமல், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தீனித்தட்டைத் தொங்கவிட்டு சூரியகாந்தி விதை போட்டாள். பனி இறுகியதும் பச்சைக் குருவிகள் கூட்டமாக வந்திறங்கின. ஹெக்டருக்குப் பேச்சு திரும்பியதே அவற்றைத் திட்டித்தான்.

"அந்த மஞ்ச ரெக்கைக்காரன பாரு. ஒருத்தனையும் கிட்ட சேக்க மாட்டேங்கிறான். உங்க அண்ணனேதான்."

"எங்க அண்ணன் உன்ன மாதிரி உக்காந்து திங்கல. வாயத் தொற, கஞ்சி ஆறுது."

ஜனவரியில் ஒரு நாள், மற்றவை பறந்த பிறகும் ஒரு குருவி தட்டிலேயே இருந்தது. உடம்பெல்லாம் உப்பி, அலகோரம் ஈரம். விதையை எடுக்கும், முழுங்க முடியாமல் நழுவவிடும். குளிர்தான் என்று நினைத்து எஃபி இன்னும் ஒரு கை விதை போட்டாள். மறுநாள் காலை தட்டுக்குக் கீழே இரண்டு செத்துக் கிடந்தன. ஹெக்டர் எழுவதற்குள் எடுத்துப் புதைத்துவிட்டாள்.

மடிநோய் கண்ட பசுவைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் மோரக், முற்றத்துக் குழாயில் கை கழுவும்போது தட்டிலிருந்த குருவிகளைப் பார்த்துவிட்டாள்.

"எஃபி, இது தொண்டை நோய். ஒண்ணு துப்பினத அடுத்தது திங்குது. தட்டாலதான் பரவுது. இன்னிக்கே கழட்டிடு."

"மருந்து கிடையாதா?"

"காட்டுக் குருவிக்கு எப்படி அளந்து குடுக்கிறது?"

"இந்தக் குளிர்ல பட்டினி கெடக்குமே."

"பிரிஞ்சு போச்சுன்னா கொஞ்சமாவது பொழைக்கும்."

எஃபி ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹெக்டர் நாற்காலியில் குருவிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று அவளால் கழற்ற முடியவில்லை. கொதிநீரில் தேய்த்துக் கழுவி, திரும்பவும் மாட்டினாள். இரண்டு நாள் கழித்து மஞ்சள் இறக்கைக்காரன் அவள் உள்ளங்கையிலேயே தலை சாய்ந்தான். அதன் பிறகுதான் தட்டை இறக்கினாள்.

"ஏன் எடுத்துட்ட?" என்றான் ஹெக்டர்.

சொன்னாள். "நான் போட்ட தீனிதான் கொன்னுச்சு. தெரிஞ்சப்புறமும் ரெண்டு நாள் போட்டேன்."

"எனக்காகத்தான போட்ட" என்றான் அவன்.

சில நாள் குருவிகள் வேலிக்கம்பியில் வந்து உட்கார்ந்து பார்த்தன. பிறகு வரவில்லை. ஹெக்டர் நாற்காலியை அடுப்புப் பக்கம் திருப்பச் சொன்னான். பேச்சும் குறைந்துபோனது. மார்ச்சில், பனி உருகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான்.

அந்த இலையுதிர்காலத்தில், அறுப்பு முடிந்த கீழ்வயலை உழ வந்தவனை எஃபி தடுத்தாள். "கதிர் அறுத்த தாள் அப்படியே நிக்கட்டும். சிந்தின மணிய குருவிங்க பொறுக்கட்டும்."

குளிர்காலத்தில் குருவிகள் வந்தன. வயல் முழுக்கச் சிதறி மேய்ந்தன. வீட்டிலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகள். எது எந்த நிறம் என்று தெரியாத தூரம். அவள் கிட்டப் போகவில்லை.