பசியாறிவிட்டு வந்த கொலைகாரன்

இன்று காலை கோலசிலாங்கூர் பாய் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். என் துப்பறியும் நாவலுக்கு மெய்ப்புப் பார்ப்பவர் சென்னையிலிருந்து அழைத்தார்.

"மேடம், தோட்டத்து ஆள் 'பசியாறிட்டு நேரா லயத்துக்குத்தான் வந்தேன்'னு போலீஸ்ல சொல்றான்ல? 'சாப்பிட்டுட்டு'ன்னு மாத்திட்டேன். எல்லாருக்கும் புரியணும்ல."

நம் ஊரில் பசியாறுவது காலையில்தானே? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கொலை நடந்ததும் காலையில்தான். மதியம்தான் வந்தேன் என்று சாதிக்கும் கொலைகாரன் வாய்தவறி விடும் ஒரே சொல் அது. அதை எடுத்துவிட்டால் அவன் மாட்டவே மாட்டான்.

பொறுமையாக விளக்கினேன்.

"சூப்பர் மேடம்! அப்ப அந்தப் பக்கத்துலயே அடிக்குறிப்பு போட்டுடறேன். 'பசியாறுதல்: காலை உணவு உண்ணுதல். கொலையாளி இதனால்தான் மாட்டுகிறான்.'"

அதற்குப் பிறகு நான் பேசியது கடை முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

பாய் தட்டை வைத்தார். "அக்கா, மொதல்ல பசியாறுங்க. அப்புறமா சண்ட போடலாம் லா."

போனை அவரிடமே கொடுத்திருக்கலாம்.

நாளை நாவல் அச்சுக்குப் போகிறது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பசியாறுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அவனை விடுதலை செய்துவிடுகிறேன்.