என் பாட்டுப் பெட்டியை அவர் பிரித்த நாள்

என் வீட்டுக்காரருக்குப் பொய்ப்பல் செய்வது தொழில். மூன்று பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து பல்வரிசை செய்து கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் பாதிப் பேர் இவர் தயவில்தான் மென்று சாப்பிடுகிறார்கள். இவர் முகம் ஒருத்தருக்கும் தெரியாது.

வேலை இல்லாத நேரத்தில் எதையாவது பிரிப்பார். ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக ஓடுகிற பொருளைத்தான் பிரிப்பார். கல்யாணமான மூன்றாம் நாள் என் அலாரம் கடிகாரம். அப்புறம் இஸ்திரிப் பெட்டி, எடை மெஷின், ஒரு தடவை என் அம்மாவின் காது மெஷின். அம்மா இரண்டு நாள் எதுவும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பேசுவது கேட்காததால் நிம்மதியாக இருந்தது என்று சொல்லி மாப்பிள்ளையை மன்னித்துவிட்டாள். அவள் செல்லம் கொடுத்துத்தான் இவர் இப்படி ஆனார்.

எங்கள் வீடு மாடியில். போன வருடம் மாடிப்படியில் வழுக்கி என் வலது கால் முறிந்தது. தொடை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. முன்னறையில் கட்டில் போட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் மாடிப்படிக்குப் போகிற தெருக்கதவு, எதிர்ப்பக்கம் அவருடைய வேலை அறை. துணைக்கு இருந்தது தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டி. காதில் மாட்டிக்கொண்டால் பகல் எப்படியோ போய்விடும்.

நான்காவது வாரம் அதில் சார்ஜ் ஏறவில்லை. பின்பக்க மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன்மேல் இவருக்கு வெகுநாளாக ஒரு கண். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுவதாகக் கெஞ்சினார். முடியாது என்றேன். மத்தியானம் வரை சுற்றிச் சுற்றி வந்தார். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று தூக்கிக் கொடுத்தேன். அந்தத் தப்பு என்னுடையதுதான்.

அறைக்கதவு திறந்துதான் இருந்தது. மேஜைமேல் குனிந்திருக்கிற முதுகு எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, அங்கிருந்தே எனக்குச் சேதி சொன்னார். நான்கு திருகு, கடுகைவிடச் சின்னது. பல் கட்டுகிற ரோஸ் மெழுகில் வரிசையாக அழுத்தி வைத்திருக்கிறாராம். திரை தனியாக வந்துவிட்டதாம். காதுக் குழாய் செருகுகிற இடம் வெறும் மூன்று தகடுதானாம். அப்புறம் எழுந்து ஓடி வந்து ஒரு பச்சைத் தகட்டைக் காட்டினார். அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சில்லு. நான்கு வாரமாக நான் கேட்ட பாட்டெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

திரும்பிப் போய் உட்கார்ந்தவர் சிரித்தார். மிச்சம் பேட்டரி மட்டும்தானாம், தலையணை மாதிரி உப்பியிருக்கிறதாம், சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறதாம். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

"என்னங்க, அதைத் தொடாதீங்க. விட்டுடுங்க."

"வெறும் பசைதான். லேசா சூடு காட்டினா தானா வந்துடும்."

அவர் தொழிலில் ஒட்டிக்கொண்ட எதுவும் மெழுகுதான். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, அடியில் நுழைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கை அப்படியே பழகிவிட்டது. யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது.

முதலில் ஒரு சீறல். பிறகு நெயில் பாலிஷ் போல ஒரு தித்திப்பு நாற்றம். முதுகுக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்தது. அதே மேஜையில்தான் பொய்ப்பல் மாவு குழைக்கிற திரவம் இருக்கும், ஒரு லிட்டர் பாட்டில். நெருப்புப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். அதை எனக்குப் பத்துத் தடவை படித்துக் காட்டியவரே இவர்தான்.

அவர் திரும்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒரே எட்டில் வந்து அறைக்கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் கூப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை. கதவுக்கடியில் புகை கசிந்தது. உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது, டப்பென்று ஒரு சத்தம். இன்னொரு நிமிஷத்தில் பாட்டில் வெடிக்கும், மாடியோடு போவோம் என்று தோன்றியது. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தேன். கட்டுக்குள் எலும்பு நொறுங்கிய மாதிரி வலி. அந்தக் காலை இழுத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றித் தவழ்ந்தேன்.

தவழ்ந்தது தெருக்கதவுப் பக்கம். வேலை அறைப் பக்கம் இல்லை. உள்ளே அவர் இருக்கிறார் என்பதே அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை. படி, படி, படி என்று மட்டும் ஓடியது.

தாழ்ப்பாள் திறந்தது. தலை முதல் கால் வரை வெள்ளையாக அவர் நின்றார். பாட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பல் அச்சு வார்க்கிற சுண்ண மாவை, அரை மூட்டையை அப்படியே அந்தப் பேட்டரி தலையில் கொட்டியிருக்கிறார். அணைந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் கொப்பளித்திருந்தது. தரையில் என்னைப் பார்த்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ எழுந்து என்கிட்ட ஓடி வந்துடுவியோன்னு பயந்துதான் தாழ்ப்பாளே போட்டேன். அப்படியும் வந்துட்டியே."

நான் அழுதேன். அழுகையில் அவர் எதைக் கண்டாரோ, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மாவு கண்ணெல்லாம் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலை மறுபடி கட்டினார்கள், இன்னும் எட்டு வாரம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: கால் முறிந்தவள் என்னைக் காப்பாற்றத் தவழ்ந்து வந்தாள் என்று. என் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். இன்றைக்கும் யாராவது வந்தால் ஆரம்பித்துவிடுவார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. எந்தத் திருகு எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்கிற மனிதர் இவர். அன்றைக்கு என் தலை எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று கவனிக்காமலா இருந்திருப்பார்? கேட்டுவிடலாம். கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.