கலத்துக்குள் ஒரு ‘தொடாதே’

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தூசி மேடம் என்று பட்டப்பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அழுக்கைத் தேடுவாள். காரணம் இருந்தது. நியூட்ரினோ இருக்கிறதே, அது கோடிக்கணக்கில் நம்மைத் துளைத்துப் போகும், ஒரு வணக்கம்கூடச் சொல்லாது. எப்போதாவது ஒன்று, கலத்தில் நிரப்பிய திரவ ஆர்கானில் முட்டினால் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை நீந்திப்போய்க் கம்பிகளைச் சேர்ந்தால்தான் சேதி தெரியும். வழியில் துளி ஈரமோ ஆக்சிஜனோ இருந்தால் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது.

இந்த முறை எலக்ட்ரான்கள் பாதிவழியிலேயே காணாமல் போயின. இயக்குநர் கூட்டத்தில் காரணம் கேட்டார்.

“வெல்டிங் ஒழுகுது சார். காத்து உள்ள வருது” என்றாள் பட்டென்று.

வெல்டிங் செய்தவர் வேறு யாருமல்ல, அவள் வீட்டுக்காரர். அடுத்துக் கட்டப்போகும் பெரிய கலமும் அவர் கைக்குத்தான் வருவதாக இருந்தது. “யோசிக்கலாம்” என்று இயக்குநர் இழுத்த இழுப்பில் அது நழுவிவிட்டது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஹீலியம் விட்டுப் பார்த்தார்கள். ஒழுக்கு இல்லை. “கருவி சரியில்ல” என்றாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டில் அவர் பேச்சை நிறுத்தினார். பாத்திரங்களை மட்டும் சத்தமாகக் கழுவினார்.

ஆர்கானை வடித்து மூடியைத் தூக்கியபோது அவளும் அவரும் டார்ச்சோடு அடியில் குனிந்தார்கள். கலத்துக்குள் கொலைக்குளிர் என்றாலும் மூடியின் அடிப்பக்கம் அவ்வளவு குளிராது. அங்கே ஒரு ஸ்டிக்கர், பசையிலிருந்து எலக்ட்ரான்களை விழுங்கும் ஆவியை விட்டுக்கொண்டு சொகுசாக இருந்தது. கம்பிகளை இணைத்த நாளில் ஒட்டியது. ‘தொடாதே!’ என்று அவள் கையெழுத்து.

“கையெழுத்து நல்லாருக்கு” என்றார் அவர்.

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

“வெல்டிங் ஒழுகல சார். என் வாய்தான் ஒழுகிடுச்சு.”

பெரிய கலம் அவருக்கே என்றானது. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடினாள். அவர் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் நெஞ்சில் அதே ‘தொடாதே!’ ஸ்டிக்கர்.

“இது எத்தனை நாளைக்குங்க?”

“பசை விடற வரைக்கும்.”

அவளுக்குத் திக்கென்றது. எந்தக் குளிருக்கும் விடாத பசை வேண்டும் என்று கடைக்காரரைப் படுத்தியெடுத்து வாங்கியவளே அவள்தான்.