வாய்க்கால் அக்கரையில் ஏழு வீடுகள்

மண்ணெண்ணெய் கலந்த கறுப்புச் சாயத்தின் நெடி தொண்ணூற்றொன்றின் தொடக்கத்தில் எங்கள் தெருக்கதவுகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வீடு எண் எழுதியிருந்தார்கள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, வயல்கள் சூழ்ந்த சிறிய பேரூராட்சி எங்களுடையது. வாய்க்கால்தான் எல்லை. பள்ளி ஆசிரியையான அம்மாவுக்குக் கரையோரத் தெருக்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒன்பது வயதுப் பெண்ணான என்னைத் தனியே விட முடியாமல் கூடவே அழைத்துப்போவாள்.

கடைசி நாள் மதியம், நாற்று நடப் போகும் இசக்கியம்மாள் அக்கரையிலிருந்து கூப்பிட்டாள். "எங்களை எப்ப எண்ண வாரிய டீச்சர்?"

அங்கே ஏழு ஓலைவீடுகள். எதிலும் எண் இல்லை. முன்பு வாய்க்காலைத் திருப்பி வெட்டியபோது இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனவை அவை.

"அது பக்கத்து ஊராட்சிம்மா, வேற சார் வருவாங்க," என்றாள் அம்மா.

"அந்த ஊருக்காரவுக பேரூராட்சிங்காவ, நீங்க ஊராட்சிங்கிய. போன தடவையும் இப்படித்தான் விட்டுப்போச்சு. தண்ணிக் கொழாய் கேட்டா, கணக்குலயே இல்லன்னு வெரட்டுதாவ."

அம்மா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தாள், உண்ணவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி செருப்பை மாட்டினாள். வெயிலில் என்னை இழுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழையாத வாசலில் அம்மா நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது.

"எல்லாம் முடிச்சுக் கட்டி வச்சாச்சே டீச்சர்."

"அப்போ நானே எழுதுதேன் சார். அந்த ஏழு வீடும் உங்க ஊருல இல்லன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க."

அவர் கைகழுவி, படிவக் கட்டை அவிழ்த்து, சைக்கிளை எடுத்தார்.

பொழுது சாயும்வரை அக்கரையில் வீடு வீடாக எழுதினார்; நாங்களும் கூட நின்றோம். இசக்கியம்மாளின் மடியில், பிறந்து பத்துநாளான பேரக்குழந்தை. "பேரு வைக்காத பிள்ளையையும் எழுதுவியளா?"

"எழுதணும்," என்றாள் அம்மா, அவர் வாயைத் திறக்கும் முன்பே.

அடுத்த கோடைக்கு முன் அக்கரைக்குக் குழாய் வந்தது.

இன்று எங்கள் ஊரின் பரப்பளவும் மக்கள்தொகையும் கைப்பேசியில் ஒரு தொடுதலில் கிடைக்கின்றன. அந்த ஏழு வீடுகள் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்குமாகப் பிரிந்துபோனவர்கள் இப்போது எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறார்களோ, யாராவது போய் எண்ணினார்களோ, எனக்குத் தெரியவில்லை.