நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

1996ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு முகில் இல்லை. ஆபிரிக்கப் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் சூடாக அடித்தது. ஜேர்மனியிலிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் வந்து, பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினோம்: அப்பா, அம்மா, ஒன்பது வயதான நான், மூன்று பெட்டிகள், வறுத்த அரிசிமாப் பை ஒன்று. நேரத்தை ஸ்டேஷன் மணிக்கூட்டில் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். எதையும் எண்ணி எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே இருந்தது. என் பிள்ளைகள் இதற்காகத்தான் என்னை இப்போதே கிழவன் என்கிறார்கள்.

பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே, சிசிலியில் ஆறு நாள் சுற்றிப் பார்க்க எதில் போவது மலிவு என்று அவர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதியிருந்தார். பஸ் மலிவு, ஆனால் கடற்கரைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று மாறி மாறி ஏறவேண்டும், அம்மாவுக்கு வெயில் ஒத்துவராது. ரயில் நாம் நினைத்த இடத்தில் நிற்காது. வாடகைக் கார் அறுநூற்றெண்பது மார்க், பெற்றோல் தனி. அந்த வரியை அப்பா அடிப்பார், மறுபடியும் எழுதுவார், மறுபடியும் அடிப்பார். கடைசியில் அம்மா தாளை வாங்கி மடித்து வைத்தாள்.

"தம்பியிட்டைக் கார் இருக்கேக்கை நாங்கள் ஏன் வாடகைக்கு எடுக்கோணும்?"

தம்பி என்றது என் மாமாவை. பலெர்மோவில் வயதான சின்னோரா, அதாவது இத்தாலிய அம்மையார், ஒருவரின் வீட்டில் சமையல், துப்புரவு, கடைக்குப் போவது எல்லாம் அவர்தான். ஆனால் எங்களுக்கு அனுப்பிய படத்தில் அவர் ஒரு நீலக் காரில் முதுகைச் சாய்த்து, கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். கார் யாருடையது என்று அவர் எழுதவில்லை. அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் வைத்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, தம்பி நல்லாயிருக்கிறான் என்று சொல்லிப் போனார்கள். அப்பா தொலைபேசியில் கேட்டபோது மாமா, "ஓம் அத்தான், கார் நிக்குது. நீங்கள் வாங்கோ" என்றாராம்.

கார் சின்னோராவுடையது. இதை நான் அறியப் பல வருடம் சென்றது என்றாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. ஒவ்வொரு ஓகஸ்டும் அந்த அம்மையார் மலையிலுள்ள தங்கை வீட்டுக்குப் போவார். போகுமுன் காரின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வார். எஞ்சினை வாரம் ஒருமுறை முடுக்கி வைக்கச் சாவி மாமாவிடம் இருக்கும். காரை முற்றத்தைவிட்டு எடுக்க அனுமதி இல்லை. மாமாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது அந்த நாட்டில் இருப்பதற்கான கடுதாசி, நவம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கச் சின்னோராவின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பணயம் வைப்பதா, விருந்தாளியாக வரும் அத்தானை வெயிலில் பஸ் தரிப்பிடத்தில் நிற்க வைப்பதா என்று மாமா எவ்வளவு யோசித்தாரோ தெரியாது. எங்கள் ஆட்களிடத்தில் இரண்டாவதுக்கு மன்னிப்புக் கிடையாது. அவர் காரின் அடியில் படுத்து, மீட்டருக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டார்.

அந்த ஆறு நாளும் என் மனதில் ஒரே நீண்ட நாளாகத்தான் கிடக்கிறது. பின்சீற்றில் ஒரு கம்பளி விரித்திருந்தது. அதில் நாய் மணமும் வாசனைத் தூள் மணமும் கலந்திருந்தன. கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போவோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காய்ந்து மஞ்சளாகிப்போன மலை. வீதி சுரங்கத்துக்குள் நுழையும்போது இருள், வெளியே வரும்போது மறுபடியும் அதே நீலம். நான் முன்சீற்றுகளுக்கு நடுவால் கழுத்தை நீட்டி மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். 61308. மொண்டெல்லோவில் குளித்துவிட்டு வந்தோம், 61308. பகேரியாவில் மதில்மேல் உட்கார்ந்திருந்த கல் பூதங்களைப் பார்த்துவிட்டு வந்தோம், 61308. வேக ஊசியும் பூச்சியத்தில் படுத்திருந்தது. எலுமிச்சை மரங்கள் பின்னால் ஓடின, கடல் கூடவே வந்தது, நாங்கள் மட்டும் அசையவில்லை. ஒரு மத்தியானம் பாதி நித்திரையில், நாங்கள் எங்கும் போகவில்லை, இந்தத் தீவைத்தான் யாரோ எங்களைச் சுற்றி மெதுவாக உருட்டிக் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மீட்டர் ஏன் ஓடவில்லை என்று கேட்டேன்.

"ஓகஸ்டிலை இஞ்சை ஆரும் வேலை செய்யிறேல்லை, மருமோன்," என்றார் மாமா. "மீட்டரும் லீவிலை நிக்குது."

அப்பா சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். பெற்றோலுக்குக்கூட மாமா அவரைக் காசு எடுக்க விடவில்லை.

எனக்கு அந்த விடை போதவில்லை. தூரம் தெரியாத பயணத்தை எப்படிக் கொப்பியில் சேர்ப்பது? வீதியோரப் பலகைகளில் இருந்த கிலோமீட்டர் எண்களைப் பார்த்துக் குறித்தேன். பலகை இல்லாத இடத்தில் மாமாவைக் கேட்டேன். அவரும் ஒன்றும் நினைக்காமல் சொன்னார். ஜேர்மன் பள்ளிக்கூட எழுத்தில் ஊர்ப்பெயர், எதிரே போய்வந்த தூரம்: மொண்டெல்லோ 24, பகேரியா 32, செஃபலு 140, திராப்பனி 216.

ஒரேயொரு இடத்துக்கு மாமா காரை எடுக்கவில்லை. மலைமேல் அந்த ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அம்மா நேர்ந்திருந்தாள். அதற்கு நடந்துதான் போகவேண்டும் என்று மாமா பிடிவாதமாகச் சொல்லி, விடிய எங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். வழியெல்லாம் எங்கள் சனம்; மொரிசியஸ்காரர் சிலர் வெறுங்காலோடு ஏறினார்கள். அவர்கள் எல்லோரும் மாமாவை அறிவார்கள். அவர் யார் வீட்டில் வேலை செய்கிறார், அந்த வீட்டு முற்றத்தில் நிற்கும் நீலக் கார் யாருடையது என்பதையும் அறிவார்கள். அம்மா தன் தம்பியின் பக்தியைக் கண்டு கண் கலங்கினாள்.

வெள்ளிக்கிழமை, திரும்பும் பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நாலேகால் மணிக்கு, காரைக் கழுவ மாமா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு சின்னோராவின் முற்றத்துக்குப் போனார். சினேகிதன் வீடு, கார் இங்கேதான் நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். புழுதியைக் கழுவி, பின்சீற்றில் கிடந்த முறுக்குத் தூளைத் தட்டி, கம்பளியை முன்பு இருந்தபடியே விரித்தார். பிறகு கம்பியைப் பூட்டுவதற்குக் குறடு எடுக்க உள்ளே போனார். நான் சாரதி சீற்றில் இருந்து தூரங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்த ஓர் அம்மையார் ஊன்றுகோலோடு இறங்கினார். முழங்கால் வலி தாங்காமல் பத்து நாள் முன்னதாகவே திரும்பிவிட்டாராம். என்னைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. குனிந்து ஏதோ கேட்டார். எனக்கு இத்தாலியன் தெரியாது. சினேகிதனின் தாயாக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு நல்ல காரின் பழுதை ஒருவரும் திருத்தவில்லையே என்று ஆறு நாளாக எனக்குக் கவலை. மீட்டரைத் தொட்டுக் காட்டி, "கபுட்" என்றேன். பழுது என்ற அந்த ஜேர்மன் சொல் எல்லா நாட்டிலும் விளங்கும். ஆதாரத்துக்குக் கொப்பியையும் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். மேலே 61308, கீழே மறுபடியும் 61308, பிறகு ஊர்கள், தூரங்கள். கைப்பையிலிருந்து தன்னுடைய சின்னக் கொப்பியை எடுத்து ஒத்துப்பார்த்தார். அவரும் எழுதி வைப்பவர் என்று கண்டு எனக்குப் பெரிய சந்தோஷம். பிறகு பென்சில் முனையால் என் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, உதட்டுக்குள்ளே கூட்டினார். 412. எனக்கு வந்த அதே விடை. பக்கத்தில் ஆசிரியை போடுவதுபோல் ஒரு சரி போட்டு, என் தலையைத் தடவினார்.

மாமா குறடோடு வந்து, அப்படியே நின்றுவிட்டார். சின்னோரா குரலை உயர்த்தவில்லை. மாமா கைகளை உடம்போடு ஒட்டவைத்து, ஓம் ஓம் என்று தலையாட்டி, "சி, சின்னோரா" என்று நாலு தரம் சொன்னார். பிறகு ஈர நிலத்தில் மல்லாந்து படுத்து, காரின் அடியில் நுழைந்து கம்பியைப் பூட்டினார். எழும்பிச் சாவியைக் கொடுத்தார்.

நாங்கள் தங்கியிருந்த மாமாவின் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினோம். சரி போட்ட பக்கத்தை அவருக்குக் காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டு அவரும் கூட்டினார்.

"சரியாய்த்தான் கூட்டியிருக்கிறாய், மருமோன்," என்றார். "அம்மா அப்பாவுக்கு இப்ப காட்டாதை. ரயில் வெளிக்கிட்டாப் பிறகு காட்டு."

மறுநாள் ஸ்டேஷனுக்கும் பஸ்தான். கார் திருத்தக் கொடுத்திருக்கு என்று மாமா சொன்னார். இரண்டு பெட்டிகளை அவரே தூக்கினார். நான் மாமா சொன்ன சொல் தவறாமல் காத்திருந்து, மெசினாவில் ரயிலைக் கப்பலுக்குள் ஏற்றியபிறகு கொப்பியை எடுத்தேன். அப்பா இரண்டு தரம் வாசித்தார். யார் சரி போட்டது என்று கேட்டார். வெள்ளை முடி, ஊன்றுகோல், சின்னக் கொப்பி, சாவி என்று நான் வரிசையாகச் சொன்னேன். அம்மா உரித்துக்கொண்டிருந்த தோடம்பழத்தை மடியில் வைத்தாள்.

"ஆற்றையோ காரிலை ஆறு நாள்," என்றாள். "ஒரு சொல்லுச் சொன்னானோ பாருங்கோ."

"சொல்லியிருந்தா நாங்கள் ஏறியிருப்பமோ?" என்றார் அப்பா.

கூட்டலில் பிழை கண்டுவிட்டார்களோ என்று பயந்து நான் மறுபடியும் கூட்டினேன். ரயில் ஓடாமலே கடலைக் கடந்துகொண்டிருந்தது.

சின்னோரா மாமாவைப் பற்றிப் பொலிசில் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளத்தையும் குறைக்கவில்லை. கையெழுத்து மட்டும் போடவில்லை. அந்த வீட்டு வேலையும் போயிற்று. வேறொரு வேலையும் கையெழுத்தும் கடுதாசியும் கிடைக்க மாமாவுக்குப் பதினொரு மாதம் சென்றது. மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அந்தப் பதினொரு மாதமும் அப்பா மாதாமாதம் பணம் அனுப்பினார். ஏன் அனுப்புகிறேன் என்று அவர் சொல்லவுமில்லை, மாமா கேட்கவுமில்லை. இருவரும் தொலைபேசியில் வெயிலைப் பற்றியும் பனியைப் பற்றியும் கதைத்தார்கள். அந்த வருடம் முழுக்க அப்பா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். நான் அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஓர் இத்தாலிய அம்மையார் என் கூட்டலுக்குச் சரி போட்டார் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவின் தாளில் வாடகைக் கார் அறுநூற்றெண்பது மார்க். அவர் அனுப்பியது பதினொரு தரம் இருநூற்றைம்பது, இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. அனுப்பும் கூலி ஒவ்வொரு தரமும் எட்டு, எண்பத்தெட்டு. ஆக, 2838 மார்க்.