பலகையில் விழுந்தவன் யார் கணக்கு?

போன வாரம் வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் லொறிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றினார்கள். ஃபேக்டரி வாசலுக்கும் லொறிக்கும் நடுவே ஒரு பலகை. மழை ஈரம். என் ஆள் சன்னாசி பெட்டியோடு வழுக்கி விழுந்தான். கால் எலும்பு முறிந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரி ரோட்டில் மண்சரிவு. அதே லொறியில் அட்டன் டவுனுக்கு, தனியார் டாக்டரிடம் கொண்டுபோனோம். தோட்டத்துக் கிளாக்கரும் கூடவே வந்தார்.

"உடனே எலும்பைச் சேர்க்கணும். தாமதிச்சா நொண்டிதான்" என்றார் டாக்டர். "பில் யார் பேர்ல?"

பக்கத்துத் தெரு இன்ஷூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டேன். லொறி ஆட்களுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்தவன் இந்த பஜாரிலேயே நான் ஒருத்தன்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்!

ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். "லொறியில இருந்து விழுந்தா கட்டுவோம் மொதலாளி. இவன் பலகையில இருந்துல்ல விழுந்திருக்கான்..."

"பலகை எங்களதுதான்" என்றார் கிளாக்கர். "ஆனா ஒரு முனை உங்க லொறியிலதானுங்க இருந்திச்சு?"

பிரீமியம் வாங்கும்போது யாராவது பலகையைப் பற்றிக் கேட்டார்களா? விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் அது கண்ணில் படுகிறது!

சன்னாசியின் பெண்சாதி ராமாயி கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து அப்படியே லொறியில் ஏறி வந்தவள். முன்னால் வந்து நின்றாள்.

"பலகைய அப்பறமா அளங்க சாமி. சொமை தூக்குற மனுசன் நொண்டியானா எங்க அடுப்பு எரியாது!"

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மூட்டை சுமந்து மூன்று லொறி வாங்கியவன். சட்டம் தெரியாது, உட்காரத் தெரியும்.

"டாக்டரய்யா, பில் என் பேர்ல. ஆரம்பிங்க" என்றேன். வாசலை மறித்து நாற்காலியைப் போட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பங்க சொல்லிட்டுத்தான் இந்த வாசலத் தாண்டணும்!"

மயக்க மருந்து போதவில்லை. உள்ளே எலும்பை இழுத்தபோது சன்னாசி போட்ட சத்தம்... பஜாரே திரும்பிப் பார்த்தது.

கட்டுப் போட்டு வெளியே வந்த டாக்டர், கால் நேராகிவிடும் என்றார். ராமாயி அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

அதற்குள் ஏஜென்ட் பாதிக்கு ஒத்துக்கொண்டிருந்தார். கிளாக்கர் தோட்டத்து மேனேஜர் துரைக்குப் போன் போட்டு ஒரு பங்கு வாங்கித் தந்தார். டாக்டரும் ஃபீஸில் கொஞ்சம் விட்டார் — நான் கேட்கவில்லை, சும்மா பார்த்தேன், அவ்வளவுதான். மிச்சம் நான்.

ஏஜென்டுக்கு மனசு ஆறவில்லை. "அப்ப நோயாளியோட பங்கு, மொதலாளி?"

"அத அவன் அப்பவே கட்டிட்டான் தம்பி. நீ இங்கதானே இருந்த... சத்தம் கேக்கலையா?"